நாக்பூருக்குக் கறுப்புச் சேலை

மூன்று நாளாகப் பெட்டி கட்டிலின் மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காலையில் அடுக்குவேன், மத்தியானம் கலைப்பேன், சாயங்காலம் திரும்பவும் அடுக்குவேன். சனிக்கிழமை சென்னைக்குப் போய் ரயில் ஏற வேண்டும். நாக்பூரில் என் ஒரே மகளுக்கு எட்டாவது மாதம். தலைப்பிரசவத்துக்கு அவள்தான் புதுச்சேரிக்கு வந்திருக்க வேண்டும். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மே மாத வெயிலில் நான் போகிறேன்.

பெட்டியில் இருந்தது எல்லாம் கறுப்பு. என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் ‘சொல்தா’வாக, இருந்தவர். தெருவில் ‘சொல்தா வீடு’ என்றால் இன்றைக்கும் எங்கள் வீடுதான். புருஷனை இழந்தவள் மாதா கோயிலில் ஆண்டுப் பூசை முடியும்வரை கறுப்பு கட்ட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மாமியார் கட்டினார், நாத்தனார் கட்டினார், இப்போது என் முறை. பூசைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

பருத்தியில் கறுப்புச் சேலை என்னிடம் ஏழு இருந்தன. போதாது என்று இன்னும் மூன்று வாங்கினேன். எங்கள் ஊரில் வெயில் காலத்தில் குளித்துவிட்டு வந்து நிற்பதற்குள் முதுகு நனைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு சேலை மாற்ற வேண்டும், துவைத்துப் போட்டால் சீக்கிரத்தில் காயாது. நாக்பூர் இதைவிடச் சூடு என்றால் மூன்று வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். மகளிடம் போனில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, இங்க வேர்க்கவே வேர்க்காது. அடுப்புகிட்ட நிக்கற மாதிரி காயும், அவ்ளோதான். துவைச்சுப் போட்டா அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடும். மூணு பொடவ போதும். கை முழுசா மூடற மாதிரி ஜாக்கெட் எடுத்துக்கோ.”

கடற்கரை ஊர்க்காரிக்கு வியர்க்காத வெயிலும் ஒரு வெயிலா என்றுதான் தோன்றியது. பத்தை மூன்றாக்கினேன். அவள் அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்புறம், கறுப்பு வேணாம்மா. வெளிய வந்தா கொதிக்கும்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “கொதிச்சா கொதிக்கட்டும். அவருக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதான். நீ அவரு பெத்த பொண்ணுதானா?” என்று கேட்டுவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்கிற கேள்வியா அது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை. வீம்பு.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நேரு வீதி ஜவுளிக்கடைக்குப் போனேன். வெளிர் நிறத்தில் பருத்திச் சேலை காட்டச் சொன்னேன். கடைப்பெண் சந்தன நிறம், இளநீலம், ரோஜா நிறம் என்று விரித்துக்கொண்டே போனாள். நடுவில் என் கறுப்புச் சேலையைப் பார்த்துவிட்டு, “யாருக்குக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். “தங்கச்சிக்கு” என்றேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் பிடித்துக் கருவடிக்குப்பத்துக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கழட்டு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பழி அவர் தலையில் போகும் என்ற நினைப்புதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தார். “உன் இஷ்டம்” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு ஏச்சை அடைக்க முடியுமோ அவ்வளவும் அடைத்திருந்தார். மோரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

உண்மையைச் சொன்னால், என் வீட்டுக்காரருக்குக் கறுப்பே பிடிக்காது. கல்யாணமான புதிதில் கறுப்பில் ஒரு பட்டு எடுத்தேன். “யார் மேல கேஸு? வக்கீலம்மா கெளம்பிட்டாங்க” என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார். அப்படியிருந்தும் நான் விடாமல் கட்டியது எதற்காக? கறுப்பைப் பார்த்தால் பால்காரர் கூட, “சார் போய் எத்தினி மாசம் ஆவுதும்மா?” என்று கேட்பார். நானும் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவேன். கழட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பயம்தான். நாக்பூரிலோ இதற்கு அர்த்தமே யாருக்கும் தெரியாது. வெயில் தெரியாத பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மகளே கூப்பிட்டாள். அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“வெயிலுக்காகச் சொல்லலம்மா.”

“அப்புறம் எதுக்கு?”

“அப்பா போனப்ப ஏழாம் நாள் பூசை முடிஞ்சதும் நான் கெளம்பி வந்துட்டேன். அதுக்கப்புறந்தான் நீ கறுப்பு கட்டின. போன்ல உன் மூஞ்சி மட்டுந்தான் பாக்கறேன். இங்க இருந்துகிட்டு, அப்பா வீட்டுலதான் இருக்காரு, பேப்பர் படிச்சிட்டிருக்காருன்னு நெனச்சிக்கறேன். உன்ன கறுப்புல பாத்துட்டா அது முடியாதும்மா. கொழந்த பொறக்கற வரைக்கும் விட்டுடேன்.”

எட்டு மாதமாக அவரை எல்லோருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க நான் கறுப்பைக் கட்டினேன். அவள் அவரைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள அந்தக் கறுப்பைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். இதில் யார் துக்கம் பெரியது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பீரோவின் அடித்தட்டிலிருந்து மூன்று சேலை எடுத்தேன். அதில் ஒன்று மாம்பழ மஞ்சள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவரே தேர்ந்தெடுத்து வாங்கியது. மடிப்பில் அந்துருண்டை வாசனை. வெயிலில் உதறிப் போட்டு, மடித்து, பெட்டியில் மேலாக வைத்தேன். ஆனால் சனிக்கிழமை வீட்டிலிருந்து கறுப்பில்தான் கிளம்பினேன். தெருவுக்குப் பயந்து அல்ல, அவர் கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது.

மறுநாள், நாக்பூருக்குக் கொஞ்சம் முன்னால், சேவாகிராம் தாண்டியதும் கழிப்பறைக்குள் போய், ஆடுகிற ரயிலில் இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் மஞ்சள் சேலைக்கு மாறினேன். கறுப்பைச் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தேன். ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. உதடு காய்ந்து வெடித்தது. மகள் சொன்னது சரிதான், ஒரு சொட்டு வியர்க்கவில்லை.

வராதே என்று அவ்வளவு சொல்லியும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டார். அவள் என் சேலையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மஞ்சள் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பிறகு என் தோளுக்குப் பின்னால் ரயில் பெட்டியின் வாசலைப் பார்த்தாள். இன்னும் ஒருத்தர் இறங்க வேண்டியிருப்பது போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.