எங்களை நடக்க வைத்த கோமளா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் வாசலில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோமளா அக்கா இன்னும் இறங்கி வரவில்லை. மூன்று வருஷமாக நடைக்குக் கிளம்பும்போது அவர்தான் எனக்காகக் காத்திருப்பார்; நான் காத்திருந்ததே இல்லை. கைப்பேசி அடித்தது. அக்காவின் மகள் தேன்மொழி. "ஆன்ட்டி, அம்மா எழுந்திருக்கவே இல்ல. மேல்வீட்டு டாக்டர் வந்து பாத்துட்டு..." என்றாள். லேஸை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

எட்டு மணிக்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல்கள் குவிந்தன. நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: 'ஐம்பத்தேழு வயசுதான். தினமும் நடந்தவங்களே போயிட்டாங்க. அப்புறம் நடந்து என்ன பிரயோஜனம்?' அதை ஆமோதித்து வேறு நாலு பேர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாவு வீட்டில் சண்டை கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

அக்கா அண்ணனூர் மின்ரயில் ஷெட்டில் வேலை பார்த்தவர். ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. ஆவடியில் பிறந்து வளர்ந்த அவருக்கு என் திருநெல்வேலிப் பேச்சு வேடிக்கை. எனக்கு அவர் பேச்சு. மூன்றாவது மாடியில் எதிரெதிர் வீடு. நான் சாப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். காலை எட்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன்.

ஒருநாள் அக்கா காரக்குழம்புக் கிண்ணத்தோடு கதவைத் தட்டினார். திறக்க எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது தெரியாமல் அடி வைத்து, தடாலென்று விழுந்தேன். ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தபோது அவர் பதறினார். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை அடக்கவே முடியவில்லை அவருக்கு.

"காலைலேந்து அதே நாற்காலியா? உன் காலு கெடக்கட்டும், நாற்காலி காலே மரத்துப் போயிருக்குமே!"

அந்த வாரம்தான் எனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் நடந்து பாருங்கள், குறையாவிட்டால் மாத்திரையைக் கூட்டுகிறேன் என்றார். சரி என்று குடியிருப்பில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்தோம். புது ஷூ வாங்கினோம். ஏரிக்கரை நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் காரில் போய் இறங்கினோம். அரைச்சுற்று நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து கதையளந்து, வழியில் சூடாகப் பஜ்ஜி தின்றுவிட்டு, காரிலேயே திரும்பினோம். பத்து நாள் இந்த லட்சணம். பதினோராம் நாள் ஏரிக்கரையில் அக்கா எங்கள் எதிரே வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? வாக்கிங் காருக்கா, உங்களுக்கா?"

மானம் போயிற்று. மறுநாளிலிருந்து வீட்டு வாசலிலேயே நடை தொடங்கிவிடும். அக்காதான் முன்னால். நடந்தால் மட்டும் போதாது என்பார். நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழ வேண்டும். இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும். கை வலிக்கிறது என்று முனகினால் ஷெட்டுக் கதைதான் வரும்.

"ஓடற வண்டிய விட நிக்கற வண்டிக்குத்தான் எங்களுக்கு வேல ஜாஸ்தி. பத்து நாளு சும்மா நின்னுதுன்னு வெச்சுக்கோ, பேட்டரி எறங்கிடும், சக்கரத்துல துரு ஏறிடும். ஒடம்பும் அப்டித்தான் கீது. நீ துன்ற சக்கரைய எரிக்கறது இந்தத் தசைதான். காலுக்கு எறங்கன ரத்தத்த மேல தள்ளறதும் கெண்டைக்கால்தான். அத்த சும்மா மடக்கி வெச்சுகினு மாத்திரைய மட்டும் முழுங்கினா இன்னா ஆவும்?"

சொன்னதெல்லாம் சரி. ஆனால் விடாக்கண்டர். ஆபீசில் ரிலீஸ் நேரம், தலைக்கு மேல் வேலை. இரண்டு நாள் நான் போகவில்லை. மூன்றாம் நாள் காலிங் பெல்லை அடித்துக்கொண்டே நின்றார். "என் உடம்பு, என் இஷ்டம்! உங்க வேலையப் பாருங்கக்கா" என்று கத்தி, முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாலு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் அவரே வந்து சோபாவில் உட்கார்ந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு ஒன்று கெட்டுப்போனதையும், முப்பது வயதில் ஆபரேஷன் செய்துகொண்டதையும் அன்றுதான் சொன்னார்.

"ஆபரேசனுக்கு அப்பால ஊட்டு வாசல் தாண்டவே மூச்சு முட்டும். டாக்டரக் கேட்டுகினுதான் நடக்க ஆரம்பிச்சேன். மொதல்ல பத்தடி, அப்பால தெரு முனை. இம்மா வருசம் ஷெட்ல வேல பாத்ததே அந்த நடையாலதான். இன்னிக்கும் ஓட நெனச்சா நெஞ்சு வுடாது, உமா. உனக்கு நல்ல நெஞ்சு கீது, நீ குந்திகினு கீற. அத்தப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

நான் அழுதுவிட்டேன். அதன்பிறகு ஒருநாள்கூட நடையை விட்டதில்லை. மூன்று மாதம் கழித்து டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. அதைச் சொன்னதும் அக்கா தெருவென்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டார்.

நடந்து என்ன பிரயோஜனம் என்று கேட்டவருக்கு இது தெரியாது. முப்பது வயதில் தெரு முனை வரை போக முடியாதவர், மகளை வளர்த்துப் படிக்க வைத்து, வேலைக்கும் போய்க்கொண்டு, இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தார். கடைசி நாள் காலையில்கூட எங்களோடு ஏரிக்கரையில் நடந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அக்காவைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குளிர்பெட்டியை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. குளிர்பெட்டி கொண்டுவந்த ஆம்புலன்ஸோடு வந்தவர் ஒருவர்தான். நின்றிருந்த ஆண்களில் ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குப் போன மாதம்தான் ஸ்டென்ட் வைத்தது, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் நாலு பெண்களும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினோம். திருப்பங்களில் தேன்மொழி முன்னால் நின்று, "மெதுவா... மெதுவா..." என்றாள்.

உங்களை இறக்கி வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, அக்கா. மூன்று மாடி. நடுவில் நாங்கள் எங்கேயும் நிற்கவில்லை. ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை.