எங்கள் இருவருக்கும் இல்லாத கோடு

"இல்லாத ஒன்னப் பாக்கவா புள்ள இத்தன வருசம் படிச்ச?" என்று அண்ணன் கேட்டான்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் மட்டும்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. கலஹாவில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் பேராதனைக்குப் போய் ஒரு மரபணு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பயிற்சிக்காக என் இரத்தத்தையும், கேட்டு வாங்கிய அண்ணனின் இரத்தத்தையும் சோதித்தேன். உடலில் சேரும் சில நச்சுகளை வெளியேற்ற உதவும் ஒரு மரபணு இருந்தால், மரபணுத் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஒரு கோடு விழும். எங்கள் இருவருக்கும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மாதிரியை ஊற்ற மறந்துவிட்டேனோ என்று திரும்பச் செய்தேன். சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் ஒப்பீட்டுக் கோடு தெளிவாக விழுந்தது. அந்தக் கோடு மட்டும் விழவில்லை.

இந்த மரபணு இல்லாதவர்கள் உலகில் பலர். பெரும்பாலானோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பை இந்தக் குறை சற்றுக் கூட்டுகிறது. அந்த நோயில்தான் போன வருடம் அப்பா இறந்தார். காலமெல்லாம் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடித்தவர். அவருடைய இரத்தத்தை நான் சோதித்ததில்லை. மருந்தால் வந்தது என்றோ, மரபணுவால் வந்தது என்றோ என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அப்பா சுமந்த மருந்து டாங்கியை இப்போது அண்ணன் சுமக்கிறான். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்திருந்தால்தான், நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா, தோட்டம் தரும் அந்த ஒற்றை அறை, எங்களுக்கு. அண்ணனுக்குக் கையுறை இல்லை. முகத்தில் ஒரு பழைய துணி.

"மருந்தடிக்கிறத விட்டுரு, அண்ணே."

"வேற வேல கேட்டேன், இல்லேன்னுட்டாங்க. பேர வெட்டிட்டா காம்பரா போயிரும். அம்மாவ எங்க வைப்ப? ஒன் ஜெல் மேலயா?"

அம்மா சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நோய் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்திருந்தால் அவன் கேட்டிருப்பானோ என்னவோ. "வரலாம்" என்பதற்காக யாரும் வீட்டை விடமாட்டார்கள்.

அண்ணன் இன்னும் பேரை வெட்டவில்லை. இன்று காலையும் மருந்தடிக்கப் போனான். நான் கம்பளையில் இரண்டு அறை வீடொன்றை என் பெயரில் வாடகைக்கு எடுத்துவிட்டேன். அம்மாவின் அலுமாரியை நேற்றே லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.