சதை போனதா, தசை போனதா?

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன.

இன்று காலை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எங்கள் தெரு மாரியக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சதையெல்லாம் கரைஞ்சு குமரிப்பிள்ள மாதிரில்லா இருக்க! எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கும் சொல்லு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திருவேங்கடம் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தேன். உடம்பு மேலே எழும்பவில்லை. குண்டாக இருந்தபோது இதே படியில் இரண்டு பையோடு ஏறியவள் நான்.

"யக்கா, ஏறுங்க, நேரமாவுது!" என்றார் கண்டக்டர்.

மாரியக்காதான் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினாள். "என்னட்டி, காலுல பெலனே இல்ல?"

உட்கார்ந்த பிறகும் தொடை நடுங்கியது. அப்போதுதான் உறைத்தது.

போன வாரம் டாக்டர், "கொழுப்போட தசையும் குறைஞ்சிருக்கும்மா" என்றார். என் காதில் அது 'சதை' என்று விழுந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் சாப்பிடச் சொன்ன முட்டையையும் பயறையும், மறுபடி குண்டாகிவிடுவேனோ என்ற பயத்தில் தொடவே இல்லை.

என்னைத் தள்ளி ஏற்றிய பிறகு மாரியக்கா ஆஸ்பத்திரி பெயரைக் கேட்கவில்லை.

இளைத்துவிட்டேன் என்று வாழ்த்த வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் என்றால், எனக்குப் பின்னால் நின்று வாழ்த்துங்கள்.