மைனஸ் பன்னிரண்டு

கணினி படுத்துவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க எங்கள் குழுவில் கெர்னல் டீபக்கர் என்ற ஒரு கருவி உண்டு. எதைக் கேட்டாலும் வெறும் எண்களாகக் கொட்டும். எது தேதி, எது பிழை எண் என்று வகை அறிந்து காட்டும்படி அதை மாற்றி முடித்தேன்.

இன்று காலை ஒரு பழைய பழுதின் பதிவில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு அர்த்தமில்லாத பெரிய எண்ணாகத் தெரிந்த ஒன்று, மைனஸ் பன்னிரண்டு என்று வந்தது. நினைவகம் கிடைக்கவில்லை என்ற பிழை. அதைக் கவனிக்காமல் விட்டது மேலாளர் எழுதிய நிரல் பகுதி.

அந்தப் பழுதைச் சொல்லித்தான் என்னோடு வேலை பார்த்த கலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மேலாளரிடம் சொன்னேன். "நீங்க மாத்தினதுலதான் தப்பு இருக்கும். இப்போதைக்கு அத எடுத்துடுங்க" என்றார்.

எடுக்கவில்லை. கண்டதைக் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டு, மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் கலாவுக்கு போன் செய்தேன். பின்னால் கரும்பு டிராக்டர் சத்தம்.

"நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேனேக்கா, யாரு கேட்டீங்க?" என்றாள். "இப்ப தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது" என்று வைத்துவிட்டாள்.

குழுவில் என் செய்திக்கு இரண்டு பேர் ஆமோதித்துக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். மேலாளர் படித்ததும் ஒருவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

உங்கள் அலுவலகத்தில் எத்தனை கட்டைவிரல் மிஞ்சியிருக்கும்?