மாமாவின் காரும் என் தோட்டுத் திருகும்

ஒன்பது வயதில் நான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். பல வருடங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் என் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒரே தம்பி. வானூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிடம் மெக்கானிக்காக இருந்தார். அந்த மனிதர் வயதாகித் தன் நாட்டுக்கே திரும்பிப் போகும்போது, பல காலமாக ஓடாமல் கிடந்த தன் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை மாமாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்றது. இரண்டு பேர்தான் உட்கார முடியும். உயரம் என் தலை வரைக்கும்கூட வராது.

அதன் இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. மூன்று மூலையுள்ள ஓர் இரும்புத் துண்டு உள்ளே சுற்றும், அவ்வளவுதான் என்று மாமா தட்டிலிருந்த தோசையை முக்கோணமாகப் பிய்த்துச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. "அது மட்டும் ஒடஞ்சிதுன்னு வையி பாப்பா, இந்தியா முழுக்கத் தேடுனாலும் கெடைக்காது. அப்புறம் இதுல கோழிதான் அடைக்கணும்" என்றார்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குள் விடுகிற பழைய கார்புரேட்டர் துருவேறிப் போயிருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு கம்பெனியின் கார்புரேட்டரை வெள்ளைக்காரர் பார்சலில் அனுப்பி வைத்தார். வழக்கமாகக் கார்புரேட்டர் நிமிர்ந்து நிற்கும். இது பக்கவாட்டில் படுத்திருந்தது. நாதஸ்வரத்தின் விரிந்த முனைபோல இரண்டு வாய்கள் பக்கம் பார்த்துத் திறந்திருந்தன. இன்ஜின் ஓடும்போது அவை காற்றை இழுக்கிற சத்தம், பெரிய மிருகம் ஒன்று பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல இருக்கும். அதைப் பொருத்த மாமா லேத் பட்டறைக்கு நடையாய் நடந்தார். பெட்ரோல் வரும் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஜெட் என்ற பித்தளைப் பொட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, புகையை மோந்து பார்த்தார். இரண்டு மாதத்தில் கார் ஓடியது. இன்ஜின் மூடி இடித்ததால் காற்று ஃபில்டருக்கு மட்டும் இடமில்லை. அம்மாவின் டீ வடிகட்டிகள் இரண்டு காணாமல் போயின; அவற்றின் வலை அந்த இரண்டு வாய்களிலும் வந்து உட்கார்ந்தது.

"இதுக்குள்ள ஒரு நெல்லுமணி போனாலும் கத முடிஞ்சிது. கிட்ட வராத" என்று மாமா என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் வேலை. பன்னிரண்டு மணிக்கு மேல் எமகண்டம் என்பதால் அதற்கு முன்பே பார்த்துப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்பதால் நான் மாமாவோடு காரில் வருவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் அம்மா என் காதில் புதுத் தோட்டை மாட்டி, திருகாணியை முறுக்கி, "தொலைச்சிட்டு வந்து நின்ன, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

மாமா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். இன்ஜின் மூடி திறந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. ஒரு வடிகட்டி வலையை மெல்ல எடுத்துவிட்டு, அந்த வாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டும் பெட்ரோல் வாசனையும் தவிர ஒன்றுமில்லை. மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் வலையைப் பொருத்திவிட்டு ஓடிவந்து சீட்டில் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் காதைத் தொட்டுப் பார்த்தேன். தோடு இருந்தது. பின்னால் திருகாணி இல்லை.

பாவாடையை உதறினேன், சீட்டின் இடுக்கில் விரலை விட்டேன், காலடியில் தடவினேன். இல்லை. எங்கே விழுந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வாய்க்குள் நான் தலையைச் சாய்த்த பக்கத்துக் காது அது.

தோட்டைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் இன்ஜின் மட்டும்தான். கார் ஒருமுறை இருமினாற்போல் இழுத்தது. திருகாணி நகர்கிறது என்று நினைத்தேன். பின்னால் பட்டென்று ஒரு வெடி. தகடு போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். "ஜெட்டு இன்னும் செட்டாவல" என்று சொல்லிவிட்டு மாமா விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். சொன்னால் அம்மா உரிப்பாள். சொல்லாவிட்டால் மாமாவின் கார் கோழிக்கூண்டாகிவிடும். கையில் தோட்டின் முனை குத்தக் குத்த இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது மறுபடி இருமியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நிறுத்து மாமா! திருகாணி உள்ள போயிடுச்சி!"

அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். கார் சத்தமில்லாமல் உருண்டு ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழுதுக்கினு இருந்தா வந்துடுமா? எறங்கு, பாக்கலாம்" என்றார். கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வலையைக் கழற்றி முதல் வாய்க்குள் விரலை விட்டார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, போனை எடுத்துக்கொண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையின் வரப்புவரை நடந்தார். அங்கே நின்று யாரிடமோ வெகுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை சிரித்தார். இவ்வளவு பெரிய கஷ்டத்தில் மாமா சிரிக்கிறாரே, எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து துண்டை விரித்து, கார்புரேட்டரை முழுதாகக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு நட்டாக, ஒவ்வொரு ஜெட்டாக. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி வரிசையாக வைத்தார். நான் மாமாவின் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்கால். பதினொன்றேகால். போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. "டவர் இல்ல பாப்பா" என்று அவர் அதை அணைத்து வைத்தார்.

டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டு ஏற்றி வந்த ஒருவர் நின்றார். "இன்னா தம்பி, வண்டி பேஜாரு பண்ணுதா? ஜல்தியா போவணும்னா ஏறுங்க, விக்கிரவாண்டில வுட்டுடறேன். அங்க பஸ்சு கெடைக்கும்."

"வண்டிய வுட்டுட்டு வர முடியாதுண்ணே."

மாமாவைப் போகச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன தகுதி?

பன்னிரண்டரைக்கு, கடைசி நட்டை முறுக்கிய பிறகு, "தோ இருக்குது பார்" என்று என் உள்ளங்கையில் திருகாணியை வைத்தார். அவர் விரல்களெல்லாம் கறுத்து, பெட்ரோல் நாற்றம் அடித்தது. திருகாணி மட்டும் துளி ஈரமில்லாமல், இளஞ்சூடாகப் பளபளத்தது. நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பின் வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் மாமாவின் பின்னால் ஒளிந்தேன். "கார்புரேட்டர்ல குப்பை அடைச்சிக்கிச்சிக்கா, ஏந்தப்புதான்" என்றார் மாமா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெண்ணின் அப்பா உள்ளே கூப்பிடவே இல்லை. நேரத்துக்கு வரத் தெரியாதவன், ஓட்டை வண்டிக்காரன் என்று யாரோ சொன்னது கேட்டது. ஜன்னலில் ஒரு அக்கா நின்றிருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை மெதுவாக எடுத்து, என்ன செய்வதென்று தெரியாதவள்போல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. அடுத்த ஒரு வருடம் மாமாவுக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கிடைத்தது. வானூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒருவரை மாமா கட்டிக்கொண்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள். வீட்டில் பெரிய ரகளை நடந்து, அம்மா பல நாள் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சர்ச்சுக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. நான் செய்த பாவம் தீர்ந்தது, அதுதான் பெரிது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொன்னேன். "அன்னிக்கி என்னாலதான மாமா விழுப்புரம் நின்னுபோச்சி. இப்ப சரியாயிடுச்சில்ல?"

மாமா புது அத்தையைப் பார்த்தார். அத்தை முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்ப இதுதான் அன்னிக்கி வழில நின்னு போன்ல சொன்ன பாப்பாவா?" என்று கேட்டு என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஜன்னலில் நின்ற அக்கா ஞாபகம் வந்தது. அவளிடமும் ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தப்பு முழுவதும் என்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.