சந்தில் பூத்த கச்சோலம்

என் மனைவி செத்துப்போனது போன ஐப்பசியில். இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே, வெயில் எட்டிப் பார்க்காத சந்தில், பெயின்ட் வாளி ஒன்றில் கச்சோலம் என்று ஒரு வாசனைக் கிழங்கு வளர்த்திருந்தாள். காட்டு மரநிழலில் வளர்கிற செடியாம், வெயில் ஆகாதாம். அகலமான இலைகள் மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும். அவள் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் சாகவிடக் கூடாதென்று எனக்கு ஒரு வெறி.

மார்கழியில் இலை மஞ்சளடித்தது. நான் நெல் போட்ட குடும்பத்துப் பிள்ளை. பயிர் வாடினால் தண்ணீர் பாய்ச்சு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். காலையில் கம்பெனி பஸ் வருமுன் ஒரு சொம்பு, முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஒரு சொம்பு. இலையெல்லாம் காய்ந்து விழுந்தது. கோபத்தில் இரண்டிரண்டு சொம்பாக ஊற்றினேன்.

மாடி அறையில் குடியிருக்கும் தென்காசிப் பெண், அவளும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணாச்சி, என்ன செய்தீய? அது பனிக்கு இலைய உதுத்துட்டுத் தூங்குத நேரம்லா! தண்ணியே காட்டக் கூடாது.”

“காயுதேன்னு ஊத்திக்கினு கீறேன். செத்துடப் போவுதேம்மா.”

“நீங்களே கொன்னுருவீய போலுக்கே.”

சுருக்கென்றது. வாளியைக் கவிழ்த்தோம். கிழங்கெல்லாம் கூழாகி நாறியது. விரலால் துழாவித் துழாவித் தேடினேன். கட்டைவிரல் அளவு ஒரே ஒரு துண்டு கெட்டியாக அகப்பட்டது. அவள் அழுகலைச் சீவி, சாம்பல் தடவி, அதே வாளியில் காய்ந்த மணல் நிரப்பிப் புதைத்தாள். மழை விழும்வரை தொடவே கூடாது என்றாள்.

“பூ அழகா இருக்கும்லா அண்ணாச்சி?”

காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடுகிற பூ அது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், நான் ஷிஃப்ட் முடித்து வருமுன்பே வாடிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் ஓ.டி. கிடைத்த லீவில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். சந்துப்பக்கம் எட்டிப் பார்த்தவனில்லை.

சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. சொம்போடு சந்துவரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. கை கேட்டால்தானே! ஆனியில், முதல் மழைக்குப் பிறகு, பச்சையாக ஒரு முளை. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆடி கடைசியில் இலைகளுக்கு நடுவே மொட்டு தெரிந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

“சார், நாளைக்கு லீவு.”

“இன்னாப்பா, உடம்பு முடியலியா?”

“வூட்ல பூ பூக்குது சார்.”

சிரித்தார். சிரிக்கட்டும்.

விடியும்போதே வாளியருகே குந்திவிட்டேன். வெள்ளைப் பூ, நடுவில் ஊதாத் திட்டு. இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அது வாடித் தொங்கும்வரை நகரவில்லை.

“நல்லாகீது புள்ள” என்றேன், வாய்விட்டு. அவள் இருந்தபோது ஒருநாளாவது இதைச் சொல்லியிருக்கலாம்.