எந்த றோட்டு

மொன்றியலில் இருந்து ஒரு செமஸ்டர் படிக்க மிலானுக்குப் போயிருந்தேன். ஒருநாள் விமான டிக்கெட் பஸ் காசுக்குக் கிடைக்கவே, வகுப்புக்காரர் நாலு பேர் யோசிக்காமல் விடிய வெளிக்கிட்டு தெற்கே பலெர்மோ நகரில் போய் இறங்கினோம். அன்றே திரும்பவேண்டும்.

கடற்கரைக்குப் போன பஸ்ஸை ஓட்டியவருக்கு முப்பது வயதிருக்கும். சீருடைக்குப் பொருந்தாத பெரிய ஜிமிக்கி போட்டிருந்தார். குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரர்களை எல்லாம் தலையை வெளியே நீட்டி இத்தாலியனில் ஏசினார். அவர்களோ சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள்.

கடைசித் தரிப்பில் என்னைப் பார்த்து, "தம்பி தமிழோ?" என்றார்.

"ஓம் அக்கா. நீங்கள் ஊரில எவ்விடம்?"

எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது இதுதான். ஊர் என்றால் இலங்கை.

"இஞ்சதான், பலெர்மோ. சந்தைக்குப் பின்பக்க றோட்டு. நீங்கள்?"

அப்பாவின் யாழ்ப்பாணத்து ஊரைச் சொன்னேன்.

"அங்க எந்த றோட்டு?"

நான் அந்த ஊரைக் கண்டதே இல்லை. அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி தம்பி, வாறன்" என்று பஸ்ஸைத் திருப்பினார். வளைவில் யாரையோ ஏசுவது கேட்டது.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

போன கிழமை இங்கே மொன்றியலில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்தில் இருந்த ஐயா கேட்டார்: "தம்பி ஊரில எவ்விடம்?"

"மொன்றியல்தான் ஐயா. அஹுன்ட்சிக் பக்கம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த றோட்டு என்று கேட்கட்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.